வலி நின்ற பல்லுக்கு மிச்சமிருக்கும் வேலை

பல்லின் மேலோடான எனாமலையும் அதனடியிலுள்ள டென்டின் அடுக்கையும் அரித்துக்கொண்டு இறங்கும் சொத்தை, நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழைத் தொடும்போது, அழற்சியுற்ற அந்த மென்திசு கடினச் சுவர்களுக்குள் வீங்க இடமின்றி நெரிபடுவதால்தான் உறக்கத்தைக் கெடுக்கும் வலி உண்டாகிறது. பற்கூழ் செத்து இரத்த ஓட்டம் அற்றுப்போனபின் ஆன்டிபயாடிக் மாத்திரை அங்கே போய்ச் சேர வழியில்லை. ஆகவே கெட்ட திசுவை அகற்றி, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனால், தேவைப்படுகிறது.

மரத்துப்போகும் ஊசி போட்டபின் பெரும்பாலோருக்கு வலி தெரிவதில்லை என்றாலும், கடும் அழற்சியுள்ள கீழ்க் கடைவாய்ப்பல் சில வேளைகளில் ஒரே ஊசிக்கு அடங்காது. அப்போது கையை உயர்த்தி மருத்துவரிடம் தெரிவிப்பதே முறை, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதால் யாதொரு பயனுமில்லை. எச்சில் புகாதபடி பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டப்பட்டு, மேலே துளையிடப்பட்டு, ஃபைல் எனப்படும் ஊசி போன்ற மெல்லிய அரங்களால் குழாய்கள் சுரண்டப்படுகின்றன. முன்பல்லில் பெரும்பாலும் ஒரே குழாய்தான். மேல் முதற்கடைவாய்ப்பல்லில் நான்காவதாக ஒன்று ஒளிந்திருப்பது சாதாரணம் என்பதால் அங்கே நேரம் கூடுகிறது. இடையிடையே பிளீச்சிங் நெடி அடிப்பது, கிருமிகளைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் குழாய்கள் கழுவப்படுவதால்தான். இறுதியில் அடைக்கப்படும் கட்டாபெர்ச்சா மலாய்க் காட்டு மரத்தின் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதுவே.

மரப்பு நீங்கச் சில மணி நேரமாகும். அதற்குள் உண்டால் கன்னத்தையும் நாக்கையும் அறியாமலே கடித்துக்கொள்ள நேரும். அடுத்த சில நாட்கள் கடிக்கும்போது வலிப்பது இயல்பு, ஏனெனில் நரம்பு நீக்கப்பட்டாலும் வேரைச் சூழ்ந்து எலும்போடு பிணைக்கும் தசைநார் உயிரோடுதான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன வலிநிவாரணியால் இது தணியும். வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ தாமதிக்கலாகாது.

முதல் அமர்விலேயே வலி நின்றதும் பலர் மறுபடி வருவதில்லை. சிகிச்சை வீணாவதற்கு இதுவும் ஒரு காரணம். அமர்வுகளுக்கிடையே துளையை மூடிவைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களில் தேய்ந்து எச்சில் கசிந்தால் கிருமிகள் திரும்புகின்றன. உட்பகுதி குடையப்பட்டு வலுவிழந்த கடைவாய்ப்பல், 'கேப்' என்னும் உறை போடாவிட்டால், முறுக்கையோ எலும்பையோ கடிக்கையில் வேர்வரை பிளந்துவிடக்கூடும், அப்படிப் பிளந்ததைப் பிடுங்குவதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை. வேர் நுனியில் சீழால் கரைந்த எலும்பு மீண்டும் வளரப் பல மாதங்கள் ஆகுமாதலால், வலியே இல்லாவிட்டாலும் ஓராண்டு கழித்து ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.