தொடையென்பு முறிவும் நோவகற்றும் நரம்பூசியும்

கல்லூரி விழா மலரிலே தமிழாசிரியன் ஒருவன் வைத்தியம் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். அதற்குக் காரணம் உண்டு. சென்ற மாரிகாலத்திலே, எண்பது வயதைக் கடந்த என் தாயார் கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்து தொடையென்பின் மேற்பகுதியை முறித்துக்கொண்டார். வைத்தியசாலைக் கட்டிலில் அவர் வாய் திறவாது கிடந்தார். நோவு அதிகம் இல்லைப் போலும் என்று யாம் எண்ணியிருந்தோம். மறுநாட் காலை, விரிப்பை மாற்றுதற்காகத் தாதியர் அவரைச் சிறிது சரித்தபோது எழுந்த அலறலே உண்மையை உணர்த்திற்று. ஓரிரவு முழுவதும் அவர் நோவை விழுங்கிக்கொண்டு கிடந்திருக்கின்றார். பக்கத்திலிருந்த யான் அதனை அறிந்திலேன்.

அன்று நண்பகல் மயக்கமருந்து வைத்திய நிபுணர் ஒருவர் வந்து, தொடையின் மேற்புறத்திலே ஓர் ஊசி ஏற்றினார். அரைமணி நேரத்துள் தாயார், “தம்பி, கால் விறைச்சுப் போச்சு. இனிக் கொஞ்சம் கண்ணயருவன்” என்றார். அவ்வூசி யாது, அஃது எங்ஙனம் தொழிற்பட்டது என யான் வினவியும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

மனிதவுடலின் என்புகள் அனைத்தினும் நீண்டது தொடையென்பு. அதனைப் போர்த்து நிற்கும் மெல்லிய சவ்விலே நோவை உணரும் நரம்பு நுனிகள் செறிந்துள்ளன. என்பு முறியுங்கால் அச்சவ்வு கிழிகின்றது. சூழவுள்ள பெருந்தசைகளோ இறுகிச் சுருங்கி, முறிந்த துண்டுகளை இழுக்கின்றன. ஆதலின் அசையாது கிடப்பினும் நோவு உண்டு. அசைப்பின் அது பன்மடங்காகும். சத்திரசிகிச்சை நடைபெறும்போது நோயாளி நோவு உணரார். அதற்கு முன்னர்ப் படமெடுக்கவும், முள்ளந்தண்டில் விறைப்பூசி ஏற்றவும், அவரைத் திருப்பியும் இருத்தியும் ஆகவேண்டிய வேளைகளே கொடியவை.

மோர்பீன் போன்ற மருந்துகளால் இந்நோவைத் தணிக்கலாம். ஆயின் அவை மூளையிற் சென்று தொழிற்படுவன. முதியோர்க்கு அவற்றின் அளவு மிகுமிடத்து மூச்சுத் தளரும்; குமட்டல் உண்டாகும்; அறிவு தடுமாறும். அளவைக் குறைப்பினோ நோவு தீராது. தீராத நோவும் அறிவுத் தடுமாற்றத்துக்கு ஏதுவாகும்.

நரம்பூசியின் வழி வேறு. அது நோவின் செய்தி மூளையை அடையுமுன் இடைவழியிலேயே அதனை மறிக்கின்றது. சோடியம் அயன்கள் நரம்பிழையினுட் புகுதலினாலேயே செய்தி நரம்பின்வழி ஓடுகின்றது. பியூபிவக்கேயின் முதலிய மருந்துகள் அவ்வயன்கள் புகும் வாயில்களை அடைத்துவிடுகின்றன. பல் பிடுங்குமுன் ஏற்றும் விறைப்பூசியும் இவ்வினத்ததே. 1884 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து வைத்தியர் கார்ல் கொல்லர், கொக்கெயின் கரைசலைக் கண்ணில் இட்டு நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என நிறுவியமை இத்துறையின் தொடக்கமாயிற்று.

தொடையின் முன்புறத்துக்கும் தொடையென்பின் பெரும்பகுதிக்கும் உணர்வளிப்பது தொடைநரம்பு. தொடை வயிற்றோடு சேரும் மடிப்பிலே, தொடைநாடிக்கு வெளிப்புறமாக, ஒரு சவ்வின் கீழே அது கிடக்கின்றது. முன்னாளில் வைத்தியர் நாடித்துடிப்பை விரலால் உணர்ந்து, நரம்பின் இடத்தை உய்த்துணர்ந்தே ஊசி ஏற்றினர். பின்னர், சிறு மின்னோட்டத்தால் தசையைத் துடிக்கச் செய்து நரம்பைக் கண்டறியும் முறை வந்தது. முறிந்த காலில் தசை துடிப்பதே நோவாதல் அம்முறையின் குறை.

இக்குறையைத் தீர்த்தது கழியொலி. செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது. ஸ்கான் கருவியோ செக்கனுக்குப் பல மில்லியன் அதிர்வுகளையுடைய ஒலியை உடலினுட் செலுத்தி, தெறித்து மீளும் ஒலியைப் படமாக்குகின்றது. 1958 இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்பவரும் அவர் துணைவரும் வயிற்றினுள்ளே உள்ளவற்றை இவ்வகையிற் கண்டு வெளியிட்டனர். 1997 இல் வியன்னா வைத்தியர் குழுவொன்று, ஸ்கான் துணையுடன் இடும் தொடைநரம்பூசி விரைவாகவும் செம்மையாகவும் பயன் தருதலைக் காட்டிற்று.

திரையிலே நாடி கரிய வட்டமாகத் துடிக்கும். அதன் அயலிலுள்ள நாளம் கருவியை அழுத்த ஒடுங்கும். நரம்பு வெண்மையாகத் தோன்றும். ஊசி ஒளிர்கோடாகச் செல்லும். மருந்து கரிய நீர்போல் நரம்பைச் சூழும். நரம்பை நெருங்காது சவ்வின் கீழே 30 முதல் 40 மில்லிலீற்றர் வரை மென்கரைசலைப் பரவவிடும் முறையும் உண்டு. மருந்தின் பயன் பல மணித்தியாலம் நிற்கும்.

இவ்வூசி மாத்திரமே சத்திரசிகிச்சைக்குப் போதியதன்று. தொடைக்கு வேறு நரம்புகளும் உணர்வளித்தலின், முள்ளந்தண்டு ஊசியோ முழுமயக்கமோ பெரும்பாலும் வேண்டப்படும். ஆயினும் இடுப்பை அடுத்த முறிவுகளில் நரம்பூசி அசைவின் நோவைக் குறைப்பதையும், அறிவுத் தடுமாற்றத்தை அரிதாக்குவதையும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டுள்ளனர்.

தீங்கும் உண்டு. மருந்து குருதிக்கலனுட் புகின் வலிப்பும் இதயத் தடுமாற்றமும் நேரலாம். ஆதலின் உடல்நிறைக்கேற்ப அளவு கணிக்கப்படும். முறிமருந்தாகக் கொழுப்புக் குழம்பும் அருகில் வைக்கப்படும். குருதி உறையாமைக்கு மருந்துண்போர் அதனை முன்னரே கூறவேண்டும். விறைத்த காலுடன் துணையின்றி எழுந்து நிற்றலாகாது. பெருவிபத்தில் முறிவுற்றோர்க்கு, தசையறைகளுள் அழுத்தம் ஏறுதலைக் காட்டும் நோவை ஊசி மறைத்துவிடக்கூடும் என்பதனால், வைத்தியர் ஆராய்ந்தே இடுவர்.

நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நம் பழைய மாணவருட் பலர் இன்று பெற்றோரைப் பேணும் வயதினர். அந்நான்காம் கூறு நம்முடையது. முதியோரின் பொறுமையை நோவின்மை எனக் கொள்ளற்க. “நோகிறதா?” என்று கேட்பதோடு அமையாது, “அசைத்தால் நோகிறதா?” என்றும் கேளுங்கள். “நோவகற்ற நரம்பூசி இடலாமா?” என வைத்தியரைப் பணிவுடன் வினவுங்கள். அவ்வொரு வினாவை யான் அன்றிரவே வினவியிருப்பின், என் தாயார் விடியும்வரை விழித்துக் கிடந்திருக்க வேண்டியதில்லை.