சிறிய படகும் நீண்ட தூண்டிலும்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் பேருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைக் கடந்து, தம்பிலுவில், திருக்கோவில் வழியாகச் செல்கையில் வீதியோரத்து வீடுகள் மெல்ல மெல்லக் குறைந்துவிடுகின்றன. பொத்துவிலை அடையுமுன் வரும் சிற்றூர் கோமாரி. ஒரு புறம் களப்பு. மறு புறம் வங்கக் கடல். நமது தீவின் கிழக்குக் கோடி எனப் பூகோள நூல்கள் கூறும் சங்கமன்கண்டி முனை இவ்வூருக்கு அண்மையிலேயே இருக்கின்றது. இங்கே துறைமுகம் கிடையாது. நாலு பேர் தோள்கொடுத்து மணலில் தள்ளி, அலை உடையும் இடத்தைத் தாண்டினால்தான் படகு கடலைக் காணும்.

இவ்வூரிலிருந்து என்னிடம் பௌதிகம் கற்ற மாணவன் ஒருவன் சென்ற 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் என்னைத் தேடி வந்தான். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் தந்தையை இழந்தவன். கல்லூரியை விட்டபின் தந்தையின் தொழிலையே மேற்கொண்டான். அவனிடம் இருந்தது 18 அடிப் பைபர்ப் படகொன்றும், பின்புறத்தில் பூட்டும் பழைய சிறு எஞ்சின் ஒன்றுமே.

“சேர், 40 குதிரைவலு எஞ்சின் ஒன்று வாங்கக் கடன் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அம்மா தன் காப்பை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டா. தூரப்போய்த் தூண்டில் இழுத்தால் அறுக்குளாவும் சூரையும் படும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

தாயின் காப்பு என்றதும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. “முதலில் ஒரு நாள் உன் பழைய எஞ்சினோடு என்னைக் கடலுக்குக் கூட்டிச் செல். பிறகு கணக்குப் பார்ப்போம்” என்றேன். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நாங்கள் புறப்பட்ட கதையும், அதனால் நான் கற்ற பாடமுமே இக்கட்டுரை.

இழுவை வேறு, இழுவை வேறு

கதையைத் தொடருமுன் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். இழுவை மீன்பிடி என்றதும் வாசகர் பலருக்கும் நினைவில் வருவது கடலடியைச் சுரண்டிச் செல்லும் இழுவைமடி. அஃது இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தினால் தடைசெய்யப்பட்டுவிட்டது. நான் கூறும் இழுவைத் தூண்டிலோ முற்றிலும் வேறானது. ஓடும் படகின் பின்னே நீண்ட தங்கூசியில் ஒரு போலி இரை இழுபட்டு வரும். அதனைச் சிறு மீனென மயங்கிப் பெருமீன் பாய்ந்து கவ்வும். ஆங்கிலத்தில் இவ்விரு தொழில்களின் பெயர்களும் ஏறக்குறைய ஒரே ஒலியுடையவை; செயலிலோ மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை. மடி அகப்பட்டதையெல்லாம் வாரிச் செல்கின்றது. தூண்டில் ஒரு முள்ளுக்கு ஒரு மீனையே எடுக்கின்றது. கடலின் அடியையும் அது தீண்டுவதில்லை.

ஏழைக்கேற்ற கருவிகள்

விடியுமுன் கரைக்குப் போனபோது எங்களுடன் வருவதற்குப் பொத்துவிலைச் சேர்ந்த முதியவர் ஒருவர் காத்திருந்தார். நாற்பது வருடம் கடல் கண்டவர். என் மாணவன் அவரைக் ‘காக்கா’ என்றே அழைப்பான். வாடியின் வாசலில் அமர்ந்து, அரிக்கன் விளக்கொளியில் அவர் தூண்டில் கட்டிய விதத்தைக் கண்டு வியந்தேன்.

வெள்ளைச் சேவலின் இறகு நாலைந்து. உரப்பையைக் கிழித்த நார் ஒரு பிடி. இவற்றைத் தூண்டில் முள்ளின் கழுத்தில் நூலால் இறுகக் கட்டினார். அதுவே போலி இரை. அறுக்குளாவின் பல் கத்தரிபோல் தங்கூசியை அறுத்துவிடுமாதலால் முள்ளை அடுத்து ஒரு முழம் உருக்குக் கம்பி. கம்பியும் தங்கூசியும் சேருமிடத்தில், கயிறு முறுகாதபடி சுழலும் ஒரு சிறு வளையம். தங்கூசியின் மறுமுனையைப் படகில் நேரே கட்டாமல், பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய இறப்பர்ப் பட்டியொன்றில் பிணைத்தார்.

“மீன் அடிக்கிற அடி முழுதும் முள்ளில் விழுந்தால் வாய் கிழிந்து மீன் போயிடும் மாஸ்டர். றப்பர் இழுபட்டுக் கொடுத்தால் வாயும் கிழியாது, தங்கூசியும் அறாது” என்றார். வகுப்பறையில் மீள்தன்மை என்ற பாடத்தை நான் இத்துணைச் சுருக்கமாக ஒருநாளும் விளக்கியதில்லை.

படகின் இரு புறமும் மூங்கிற் கழிகளை நீட்டி அவற்றில் இரண்டு தூண்டில்களும், பின்னணியத்தில் இரண்டு தூண்டில்களும் விடப்பட்டன. பின்னணியத்துத் தூண்டில்கள் குட்டையானவை; கழிகளில் உள்ளவை நீளமானவை. நீளம் ஒன்றானால் படகு திரும்பும்போது எல்லாம் பின்னிக்கொள்ளும். கடைச் சாமானாக விலை கொடுத்து வாங்கியவை முள்ளும், கம்பியும், தங்கூசியும், வளையமும் மாத்திரமே.

வேகத்தின் கணக்கு

கரையைத் தாண்டியதும் ஆலாப் பறவைகள் கூட்டமாகச் சுழன்று நீரிற் பாய்வதைக் காக்கா சுட்டிக் காட்டினார். மேலே பறவை பாய்ந்தால் கீழே சிறுமீன் கூட்டம்; சிறுமீன் இருந்தால் அதனைத் துரத்தும் பெருமீனும் இருக்கும். கூட்டத்தின் நடுவே படகைச் செலுத்தினால் மீன் கலைந்துவிடும் என்பதனால் ஓரத்தைச் சுற்றியே சென்றோம். இறப்பர்ப் பட்டி விறைத்தது. அரை மணி நேரத்தில் சூரை மூன்றும், பாரை ஒன்றும், பின்னர் என் கை நீளத்தை மிஞ்சிய அறுக்குளா ஒன்றும் படகில் விழுந்தன.

அப்பொழுது எங்கள் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கடல்மைல். ஒரு கடல்மைல் 1,852 மீற்றர். அறுக்குளாவுக்கு 4 முதல் 6 கடல்மைல் வேகமே ஏற்றது என்பது உலகெங்கும் தூண்டிலிழுப்போரின் அநுபவம். இங்கேதான் என் மாணவனின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் புரூட் என்னும் பொறியியலாளர் சிறு மாதிரிக் கப்பல்களைத் தொட்டி நீரில் இழுத்து ஆராய்ந்தவர். நீரைக் கிழித்துச் செல்லும் படகு தன் முன்னே ஓர் அலையை எழுப்புகின்றது. வேகம் கூடக்கூட அவ்வலையும் நீளுகின்றது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏறமாட்டாது திணறும். இதிலிருந்து பிறந்த எளிய வாய்பாடு ஒன்றுண்டு. நீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால் அந்த வேக எல்லை கடல்மைலில் வரும். எங்கள் படகின் நீரைத் தொடும் நீளம் 16 அடி. வர்க்கமூலம் 4. பெருக்கினால் 5.36, அதாவது மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர்.

இவ்வெல்லைக்குள் ஓடச் சிறு எஞ்சினே போதும். எல்லையைத் தாண்டி நீரின்மேல் எழும்பிப் பறக்க வேண்டுமாயின் பன்மடங்கு வலு வேண்டும், எரிபொருளும் அவ்வாறே. எல்லைக்குள் ஓடும்போதுங்கூட வேண்டிய வலு வேகத்தின் முப்படியை ஒட்டி ஏறுகின்றது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆகவே மீன் கேட்கும் வேகமும் சிறு படகின் இயல்பான வேகமும் ஒன்றாகவே இருக்கின்றன. 40 குதிரைவலு எஞ்சின் போக்குவரத்து நேரத்தைச் சுருக்கும். தூண்டில் இழுக்கும் நேரத்திலோ அதன் வலுவிற் பெரும்பகுதி வீணே கிடக்கும்.

மண்ணெண்ணெய் கற்பித்த பாடம்

எரிபொருளின் அருமையை நம் மீனவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றி எத்தனையோ படகுகள் மணலிற் கிடந்தன. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெயின் விலை ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. மணிக்கு 3 லீற்றர் குடிக்கும் எஞ்சின் 5 மணி நேரம் ஓடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். 15 லீற்றர். விலையேற்றத்திற்கு முன் 1,305 ரூபா. விலையேற்றத்தின் பின் 5,100 ரூபா. ஒரு மீனும் படாவிட்டாலும் இச்செலவு செலவே. அதன்மேல் கடன் தவணையும் ஏறினால் வெறுங்கையோடு திரும்பும் நாலு நாட்கள் ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும்.

கச்சான் வீசியபோது

காலை ஒன்பது மணியளவில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுத்தது. திரும்புவோம் என்று காக்கா சொல்லி வாய் மூடுமுன் எஞ்சின் இருமுறை இருமி நின்றுவிட்டது.

மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று படகைக் கரை நோக்கித் தள்ளும். கிழக்குக் கரையிலோ அதே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் கடல் அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியே ஏமாற்று. எஞ்சின் நின்ற படகைக் கச்சான் மெல்ல மெல்லக் கிழக்கே கொண்டுபோகும். கோமாரிக்கு நேர் கிழக்கே அடுத்த நிலம் பெரிய நிக்கோபார்த் தீவு. இடைவழி ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர். அவ்வுண்மையை அதுவரை வரைபடத்திற் பார்த்திருக்கின்றேன். அன்றுதான் வயிற்றில் உணர்ந்தேன்.

காக்கா பதறவில்லை. நங்கூரக் கயிறு அடியை எட்டாத ஆழம். ஆகவே ஒரு வாளியின் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி முன்னணியத்திலிருந்து கடலில் எறிந்தார். வாளி நீரை அள்ளி இழுக்க, படகின் முகம் அலையை நோக்கித் திரும்பிற்று; மிதந்து போகும் வேகமும் தணிந்தது. என் மாணவன் எரிபொருள் வடியைக் கழற்றினான். மண்ணெண்ணெயின் அடியில் நீர் தேங்கியிருந்தது. நீரை ஊற்றிவிட்டு, கரி படிந்த பிளக்கை மாற்றி, சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கி, மீண்டும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். எல்லாம் முடிய நாற்பது நிமிடம். மாற்றுப் பிளக் ஒன்று அவனுடைய தகரப் பெட்டியில் இருந்திராவிட்டால் இக்கட்டுரையை வேறு யாரேனும், வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

கரையேறிய பின் காக்கா எரிபொருளை அளக்கும் முறையைக் கூறினார். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு வருவதற்கு. ஒரு பங்கு ஆண்டவனுக்கு. உலகெங்கும் சிறுபடகோட்டிகள் கைக்கொள்ளும் விதியும் இதுவே. எதிர்காற்றில் திரும்பிய அன்று அந்த மூன்றாம் பங்கிலிருந்தும் சிறிது செலவாகியிருந்தது.

வீட்டாருக்கும் ஒரு சொல்

மீன் படகில் விழுந்ததோடு வேலை முடிவதில்லை. சூரை போன்ற மீனை வெயிலிற் போட்டுவைத்தால் அதன் தசையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். முகஞ் சிவத்தல், தலைவலி, வாந்தி முதலியன அதனால் விளைவன. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழியாது. ஆகவே இரத்தத்தை உடனே வடித்து, குடலை நீக்கி, மீனின் நிறைக்குச் சம நிறை ஐஸ் இடவேண்டும். ஐஸிட்ட மீன் நல்ல விலைக்குப் போகும். வாங்குவோரும் மீனின் கண்ணையும் செவுளையும் பார்ப்பதோடு, ஐஸில் இருந்ததா என்று கேட்டு வாங்குதல் நன்று.

கடன் எதற்கு?

அன்று மாலை அவன் வீட்டு முற்றத்தில் அமர்ந்து தாளில் இரு பக்கமாகக் கணக்கெழுதினோம். ஒரு பக்கம் 40 குதிரைவலு எஞ்சின். மறு பக்கம் உயிர்காப்பு அங்கி மூன்று, திசைகாட்டி, நீர் பிரிக்கும் எரிபொருள் வடி, மாற்றுப் பிளக்குகள், நல்ல துடுப்பு இரண்டு, ஐஸ்பெட்டி, பழைய எஞ்சினுக்கு முழுப் பழுதுபார்ப்பு. மறு பக்கத்தின் கூட்டுத்தொகை எஞ்சின் விலையிற் சிறு பங்கே.

அவன் தாய் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “மாஸ்டர், காப்புப் போனாற் போகட்டும். பிள்ளை திரும்பி வந்தாற் போதும்” என்றார். கடலுக்குக் கணவனைக் கொடுத்த அம்மையாரின் வாயில் அச்சொல் என்னென்ன பொருள் கொண்டதென்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மகன் தலைகுனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எஞ்சின் என்று எழுதிய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

பெரிய எஞ்சின் எவருக்கும் வேண்டாமென்று நான் கூறவரவில்லை. நெடுந்தூரம் செல்வோர்க்கு அது தேவையாகலாம். ஆனால் சிறிய முதலோடு தொழில் தொடங்கும் இளைஞர் முதற் பணத்தை வேகத்திற்கன்று, திரும்பி வருவதற்கே செலவிட வேண்டும். படகைப் பதிவு செய்தலும் அனுமதிப்பத்திரம் பெறுதலும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டம் விதித்த கடமைகள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலில் பொத்துவில் என்ற பெயர் வருகிறதா என்று புறப்படுமுன் கேட்டறிதலும், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடமேனும் சொல்லிச் செல்லுதலும் காசு செலவில்லாத காவல்கள்.

இப்பொழுதும் இடைக்கிடையே அவன் என்னுடன் தொலைபேசியிற் பேசுவான். எத்தனை மீன் பட்டது என்று நான் முதலிற் கேட்பதில்லை. “கரைக்கு வந்துவிட்டாயா?” என்றே கேட்பேன். “வந்துவிட்டேன் சேர்” என்பான். தாயின் கையில் காப்பு இருக்கின்றது.