மண்ணணையும் அதன் காவலும்

பினாங்குத் தீவில் கெக் லோக் சி கோயிலைக் கடந்து மேலேறும் வளைவுச் சாலை ஆயர் ஈத்தாம் அணையில் சென்று முடிகிறது. விடியலில் நடைப்பயிற்சிக்கு வரும் ஜார்ஜ் டவுன் மக்களுக்கு அது காற்று வாங்கும் இடம். 1962இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணை மண்ணணை வகையைச் சேர்ந்தது. இருநூறு கோடி லிட்டருக்கு மேற்பட்ட நீரை அங்கே தாங்கி நிற்பது கற்காரைச் சுவரன்று, இறுக்கிய மண். தெலுக் பகாங்கில் 1999இல் எழுந்த அணையும், செபராங் பிறையின் மெங்குவாங் அணையும் இவ்வினத்தவையே.

மண் நீரை எங்ஙனம் தாங்கும்? தன் எடையாலும் அகன்ற அடியாலும் தாங்கும். ஆயினும் முற்றாகத் தடுக்காது. எந்த மண்ணணையும் கசியும். கசிவை ஒழிப்பது பொறியாளரின் நோக்கமன்று. அதற்கு ஒரு வழி வகுத்து, அவ்வழியிலேயே அதை வெளியேற்றுவதே நோக்கம். அணையின் நடுவில் களிமண் உட்கரு கசிவைக் குறைக்கிறது. அதற்கடுத்து மணலடுக்கு ஒன்று வடிகட்டியாக நிற்கிறது. மணலின் பருமனில்தான் நுட்பம் அனைத்தும் அடங்கியுள்ளது: நீர் ஊடுருவ வேண்டும், களித்துகள் ஊடுருவக் கூடாது. மண்ணியக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி இப்பருமன்களுக்கு அளவுநெறி வகுத்தார்.

வடிகட்டி இல்லாத கரையில் கசிவுநீர் துகள்களைச் சுமந்து வெளியேறும். அவ்வரிப்பு அணையின் புறச்சரிவில், அடிவாரத்தில் தொடங்கி, ஏரியை நோக்கிப் பின்னோக்கிக் குடைந்து செல்லும். மேற்பரப்பில் புல் பசுமையாகவே இருக்கும். குடைவு ஏரியைத் தொடும்போது கரை சில மணி நேரத்தில் இல்லாமற்போகும். இதனை உள்ளரிப்பு என்பர். மண்ணணைகளின் மற்றொரு கூற்றுவன் கரைமேல் வழியும் வெள்ளம். கற்காரை அணை சிறிது பொழுது அதைப் பொறுக்கும், மண் பொறுக்காது. உடைந்த மண்ணணைகளுள் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றாலேயே உடைந்தன. எனவே மண்ணணையில் கரையின் உயரத்தைவிட மிகைநீர் வெளியேறும் கலிங்கின் அகலமே முதன்மையானது. தமிழக ஏரிகளைக் கட்டியோர் மதகையும் கலிங்கையும் தனித்தனியே அமைத்தது இதை அறிந்தே.

பேரணைகளுக்குக் காவலர் உண்டு. கரைக்குள் நீரழுத்தம் அளக்கும் குழாய்களும், கசிவை அளக்கும் தொட்டிகளும், முறைவைத்துப் பார்க்கும் பொறியாளர்களும் உண்டு. உலகப் பேரணை ஆணையத்தின் கணக்கில் 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவை பேரணை. 5 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்தவை 30 இலட்சம் கன மீட்டருக்கு மேல் நீர் தேக்கினால்தான் அப்பெயர் பெறும். மீன்பிடிக்கவும் படகோட்டவும் தனியார் தேக்கும் ஏரிகள் பெரும்பாலும் இவ்வரம்புக்குக் கீழே, எவர் பார்வையிலும் படாமல் கிடக்கின்றன.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டோக்கோவா அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் எனும் அணை இருந்தது. 1899இல் சிறு மின்னாக்கத்துக்காகத் தொடங்கி, பின்னர் மண் கொட்டி உயர்த்தப்பட்டது. உரிமையாளர் அருகிருந்த விவிலியக் கல்லூரியினர். 1957இல் மின்னாக்கம் நின்றது. அதன்பின் ஏரி பொழுதுபோக்குக்கே பயன்பட்டது. கரையின் உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். தேங்கிய நீரோ ஆயர் ஈத்தாம் அணை கொள்வதில் மூன்றில் ஒரு பங்களவே. புறச்சரிவு மிகச் செங்குத்தானது, கிட்டத்தட்ட 45 பாகை. 1973இலேயே அச்சரிவில் ஒரு பகுதி சரிந்திருந்தது. 1977 நவம்பர் 6ஆம் நாள், பெருமழைக்குப் பின் நள்ளிரவு கடந்த வேளையில் அது உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த 39 பேர் மாண்டனர். ஆய்ந்தவர்களால் ஒற்றைக் காரணத்தைச் சுட்ட இயலவில்லை; செங்குத்துச் சரிவின் சறுக்கலும் உள்ளரிப்பும் சேர்ந்திருக்கலாம் என்றனர். வரைபடமும் கட்டுமானக் குறிப்பும் பேணப்படாத அணையில் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

பொழுதுபோக்கின் வேட்கையே அணையைக் கெடுப்பதும் உண்டு. பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையைச் செல்வர் மன்றம் ஒன்று வாங்கியது. குதிரை வண்டிகள் எளிதாகக் கடக்கக் கரையின் உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு பொருத்தப்பட்டது. அடியில் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளரே பிடுங்கி விற்றிருந்தார். 1889 மே 31இல் கரைமேல் நீர் வழிந்து உடைந்தது. 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இழப்பீடு தருமாறு எந்த நீதிமன்றமும் அம்மன்றத்தைப் பணிக்கவில்லை.

நிழலுக்காகக் கரைமேல் மரம் வளர்ப்பதும் இத்தகையதே. மரம் பட்டபின் பருத்த வேர் மட்கி, நீருக்குச் சுரங்கமாகும். நம் ஏரிக்கரைகளில் பனை நின்றதே என்பார்க்கு விடை எளிது: பனைக்கு நார்வேர், அது பருப்பதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 10ஆம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில், ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் குடவோலையால் ஆள் தெரிந்ததைக் கூறுகின்றன. ஏரிக்கு ஊரே உரிமையாளராக இருந்ததால் காவலும் ஊரின் கடமையாயிற்று. தனியார் ஏரியில் கரை ஒருவருடையது. கரைக்குக் கீழுள்ள வீடுகள் வேறு பலருடையவை. இவ்விடைவெளியைச் சட்டமே நிரப்ப வேண்டும். கெல்லி பார்ன்ஸ் உடைந்தபின் அதிபர் கார்ட்டர் ஆணையால் பல ஆயிரம் அணைகள் ஆராயப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றதெனத் தெரிந்தது. மலேசியாவும் 2017இல் அணைப் பாதுகாப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பினாங்கின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

கருங்கல் நைந்து உருவான, களியும் பருமணலும் கலந்த இத்தீவின் மண்ணுக்கு அத்தகைய மழை கடுஞ்சோதனை. ஆதலால் மலைச்சரிவில் தனியார் ஏரி ஒன்றின் கீழே குடியிருப்போர் கலிங்கு எங்குள்ளதென்றும், அது அடைபட்டுள்ளதா என்றும் கேட்டறியுங்கள். கரையடியில் தெளிந்த நீர் கசிந்தால் அதன் அளவைக் கவனித்து வாருங்கள். கலங்கிய நீர் கசிந்தால் அணை தன் மண்ணை இழக்கிறது என்று பொருள். அன்றே உரியவருக்கு அறிவியுங்கள்.