எண்ணெய்க்குப் பின் – 6: லோக்கல் வரும், காய்கறி வருமா?

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1950-களின் நடுவில் எழுந்த சுத்திகரிப்பு ஆலைகளைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். அந்த ஆலைகளுக்குக் கச்சா எண்ணெய் வருவது அடியோடு நின்றுபோனால், கல்யாணுக்கு அப்பால் அம்பர்நாத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஜீவனம் என்னவாகும் என்பதை இந்த வாரம் யோசிப்போம்.

குடும்பத் தலைவர் வழக்கம்போல் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பதுதான் முதல் ஆச்சரியம். 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயிலை ஓட்டிய ஜி.ஐ.பி. ரயில்வே, பிறகு அந்த மின்கம்பியைக் கல்யாண், அம்பர்நாத் வழியே புனே வரைக்கும் கொண்டுசென்றது. புறநகரின் ஜனநெருக்கடிக்கும் புனே பாதையில் மலையேற்றத்தின் சிரமத்துக்கும் பரிகாரமாக, தாகுர்லியில் நிலக்கரியால் இயங்கும் மின்நிலையம் ஒன்றையும் கட்டிக்கொண்டு செய்த அந்தக் காரியத்தில் பெட்ரோலைப் பற்றிய பிரஸ்தாபமே கிடையாது. ஆகவே, 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயைச் சுருக்கியபோது, விலையேற்றத்தைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டுவண்டியில் பார்லிமெண்டுக்குப் போன அந்த நவம்பர் மாதத்திலும், அம்பர்நாத் லோக்கல் ரயிலை இழுப்பதற்குப் பெட்ரோல் தேவைப்படவில்லை.

ஆனால், மனிதனைச் சுமக்கும் அந்தக் கம்பி அவனுடைய சமையலறையைச் சுமப்பதில்லை. நாசிக், புனே ஜில்லாக்களிலிருந்து வெங்காயமும் தக்காளியும் டீசல் லாரியில்தான் மலையிறங்கி வருகின்றன. அடுப்பில் எரிவது சிலிண்டர் கேஸ். ஊரின் தொழிற்பேட்டையிலுள்ள கெமிக்கல் ஆலைகளுக்கு வேண்டிய கரைப்பான்களும், தாராவியில் பொறுக்கி, உருக்கி மறுபிறவி கொடுக்கப்படும் பிளாஸ்டிக்கும், மூலத்தில் அதே எண்ணெயின் வழித்தோன்றல்களே. வேலைக்குப் போனவர் வீடு திரும்பும்போது உலை கொதிக்குமா, வேலை கொடுத்த ஆலை திறந்திருக்குமா என்பவையே உண்மையான கேள்விகள்.

எண்ணெயின்றி ஒரு சமூகம் வாழ்ந்து பார்த்ததற்குத் தமிழர்களிடமே திருஷ்டாந்தம் உண்டு. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் இலங்கை அரசு விதித்த பொருளாதாரத் தடையால், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்று, பெட்ரோல் கிடைப்பதற்கரிதாகி, மண்ணெண்ணெய் பொன்னுக்கு நிகரானது. கார்புரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டு, உதைத்துக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் புகை மண்ட மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். ஜாம் போத்தலின் அடியில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, சின்னஞ்சிறு திரியை நிறுத்தி, போத்தலின் கண்ணாடியையே சிமினியாக்கி, அதன் வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். கவிழ்த்து வைத்த சைக்கிளின் சக்கரத்தை ஒருவர் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் மற்றவர்கள் ரேடியோவில் செய்தி கேட்டார்கள்.

இந்தச் சாமர்த்தியத்தை வியப்பதோடு நின்றுவிடுவது நியாயமாகாது. மண்ணெண்ணெய் வாங்கப் பணமிருந்தவன் மோட்டார் சைக்கிளில் போக, இல்லாதவன் விறகையும் நோயாளியையும் சைக்கிளிலேயே ஏற்றி மிதித்தான். பற்றாக்குறை எல்லோர்மீதும் ஒரே பாரமாக இறங்குவதில்லை. 2022-இல் அந்நியச் செலாவணி வற்றி அதே தீவு முழுவதும் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, க்யூ.ஆர். அட்டையின் மூலம் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று ஆரம்பத்தில் அளந்து கொடுத்தார்கள். வரிசை ஒழுங்குபட்டது, ஆனால், ஆட்டோவே ஜீவனமாக உள்ளவனுக்கு 5 லிட்டரும், சொந்தக்காரில் போகிறவருக்கு 20 லிட்டரும் எந்தத் தர்மத்தின்படி என்ற கேள்வி தங்கிவிட்டது.

எண்ணெய் ஒரே இரவில் தீர்ந்துவிடப் போவதில்லை; முதலில் விலை ஏறும், பிறகு பங்கீடு வரும். தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் நம் தேசம், காய்கறி லாரிக்கா, ஆம்புலன்ஸுக்கா, சொந்தக்காருக்கா, முதல் லிட்டர் யாருக்கு என்பதைத் தட்டுப்பாட்டின் கூச்சலில் அல்லாமல், கையில் எண்ணெய் இருக்கும்போதே நிதானமாகத் தீர்மானித்துக்கொள்வதுதான் விவேகம்.

அடுத்த வாரம்: உழவனின் டீசல் பம்ப்.

(தொடரும்)