இறந்தவர்களை எண்ணினால் போதுமா?

ஓர் ஊரில் இரண்டு மருத்துவமனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'அ' மருத்துவமனையில் ஓராண்டில் 1000 உள்நோயாளிகள் சேர்ந்தார்கள். அவர்களில் 55 பேர் இறந்துவிட்டார்கள். 'ஆ' மருத்துவமனையிலும் 1000 பேர் சேர்ந்தார்கள். இறந்தவர்கள் 32 பேர். உங்கள் வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை. எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பீர்கள்?

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'ஆ'வில்தான்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியைக் கையில் எடுத்ததும், அது எதை அளக்கிறது, எவ்வளவு சரியாக அளக்கிறது என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்விகளை இறப்பு விகிதத்திடமும் கேட்டுப் பார்ப்போம்.

எதை எதால் வகுப்பது?

விகிதம் என்றால் அதற்குத் தொகுதியும் பகுதியும் உண்டு. இறந்தவர்களின் எண்ணிக்கை தொகுதி. பகுதி எது? இந்த இடத்தில் பெரிய அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள்.

கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேணிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். அவர் புள்ளியியலிலும் வல்லவர். மருத்துவமனைகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் 1863ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அட்டவணை இருந்தது. வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞர் திரட்டிய கணக்கு அது. அதன்படி லண்டனில் 24 மருத்துவமனைகளின் இறப்பு விகிதம் ஏறக்குறைய 91 சதவீதம்! நூற்றுக்கு 91 பேர் இறக்கும் இடத்திற்கு யாராவது போவார்களா?

நடந்தது இதுதான். 1861இல் அங்கே ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3828 பேர். அந்த எண்ணை, அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரே ஒரு நாள் படுக்கைகளில் இருந்த 4214 பேரால் வகுத்துவிட்டார்கள். ஒரு படுக்கையில் ஆண்டு முழுவதும் ஒருவரேவா இருப்பார்? ஒருவர் போக, இன்னொருவர் வருவார். ஒரு பேருந்தில் ஓராண்டில் குடையை மறந்து விட்டுச் சென்றவர்களை, ஒரு நாள் ஒரு வேளை அதில் அமர்ந்திருந்தவர்களால் வகுப்பது போன்றது இது. மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்ததில் வியப்பில்லை.

தொகுதியிலும் கவனம் வேண்டும். "இனி வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர் மறுநாள் வீட்டில் இறந்தால், அது மருத்துவமனைக் கணக்கில் வராது. இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய ஒரு கணக்கு முறை, வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் நேரும் இறப்பையும் சேர்த்துக்கொள்கிறது.

வந்தவர்கள் யார்?

இப்போது நம் இரண்டு மருத்துவமனைகளுக்கு வருவோம். 'அ'வுக்கு வந்த 1000 பேரில் 500 பேருக்குக் கடுமையான நோய். மற்ற 500 பேருக்கு எளிய நோய். முதல் பிரிவில் 50 பேரும், இரண்டாம் பிரிவில் 5 பேரும் இறந்தார்கள். அதாவது 10 சதவீதம், 1 சதவீதம்.

'ஆ'வுக்கு வந்தவர்களில் கடுமையான நோயாளிகள் 100 பேர்தான், இறந்தவர்கள் 14. மற்ற 900 பேரில் இறந்தவர்கள் 18. அதாவது 14 சதவீதம், 2 சதவீதம்.

பார்த்தீர்களா? கடுமையான நோயானாலும், எளிய நோயானாலும் 'அ'தான் மேல். மொத்தத்தில் அதன் விகிதம் உயர்ந்து நிற்பதற்குக் காரணம், கடினமான நோயாளிகளை அது ஏற்றுக்கொண்டதே.

வியன்னா தந்த சான்று

அப்படியானால் இறப்பு விகிதத்தால் பயனே இல்லையா? உண்டு. ஒரே மாதிரியான நோயாளிகளை ஒப்பிட்டால் அது உண்மையைச் சொல்லும்.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றார்கள். ஒரு நாள் வந்தவர்களை முதல் பிரிவிலும், மறுநாள் வந்தவர்களை இரண்டாம் பிரிவிலும் சேர்த்தார்கள். ஆகவே வந்தவர்களிடையே பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. 1846இல் முதல் பிரிவில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 3754இல் 105 பேர். சுமார் 11.4 சதவீதமும் 2.8 சதவீதமும்!

இந்த வேறுபாட்டைத் துருவிப் பார்த்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய மருத்துவர். முதல் பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் பிணங்களை அறுத்துச் சோதித்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். நோய்க்கு வித்து அவர்கள் கைகளிலேயே வருகிறது என்று அவர் கண்டார். 1847 மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். 1848இல் அதே பிரிவில் 3556 பிரசவங்களில் இறந்தவர்கள் 45 பேர் மட்டுமே.

எதிர்பார்த்ததும் நடந்ததும்

எல்லா ஊர்களிலும் நோயாளிகள் இப்படிச் சமமாகப் பிரிந்து வருவதில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. நாடு முழுவதும் கடுமையான நோயாளிகளில் 12 சதவீதமும், எளிய நோயாளிகளில் 1.5 சதவீதமும் இறக்கிறார்கள் என்று கொள்வோம். அப்படியானால் 'அ'வில் எதிர்பார்க்கும் இறப்பு 60 + 7.5 = 67.5. நடந்தது 55. வகுத்து நூறால் பெருக்கினால் 81. 'ஆ'வில் எதிர்பார்ப்பது 12 + 13.5 = 25.5, நடந்தது 32, விடை 125. நூறுக்குக் கீழே என்றால் நல்லது, மேலே என்றால் கவலைக்குரியது. பிரையன் ஜார்மன் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 1999இல் இங்கிலாந்து மருத்துவமனைகளை இவ்வகையில் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். வயது, நோய், அவசரமாகச் சேர்ந்தவரா என்பவற்றையெல்லாம் அவர்கள் கணக்கில் கொண்டார்கள்.

உடனே 'ஆ'வைக் குற்றவாளி ஆக்கிவிடலாமா? கூடாது. கதிரியக்கத் துகள்களை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தற்செயலான ஏற்ற இறக்கம் இருக்கும் என்று படிப்போம். இங்கும் தோராயமாக அப்படியே. 25.5இன் வர்க்கமூலம் சுமார் 5. எதிர்பார்த்ததைவிட 6.5 கூடியது தற்செயலாகவும் நேரலாம். இன்னும் சில ஆண்டுகளின் கணக்கு வேண்டும்.

மணி அடித்தால் போய்ப் பார்க்க வேண்டும்

ஆனால் தற்செயல் என்று சொல்லிச் சும்மா இருப்பதும் ஆபத்து. இங்கிலாந்தில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை நிர்வாகத்தின் எண் 2007இல் வெளியான பட்டியலில் 127 ஆக இருந்தது. நோய்களைப் பதிவேட்டில் குறித்ததில்தான் தவறு என்று நிர்வாகம் கருதியது. பிறகு நடந்த விசாரணைகளில், வார்டுகளில் நோயாளிகள் குடிநீருக்கும் உதவிக்கும் ஏங்கிக் கிடந்தது வெளிப்பட்டது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஃபிரான்சிஸ், அந்த எண்ணை வைத்து இத்தனை பேர் வீணாக இறந்தார்கள் என்று கணக்கிடுவது சரியல்ல என்றும் சொன்னார். அந்த எண் தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மணி. மணி அடித்தால் முதலில் வார்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்திப் பேசுவதைக் கேட்டால், இந்தக் கேள்விகளை நினைவில் கொள்ளுங்கள். தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள் உண்டா? சேரும்போது அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள்? உங்கள் பள்ளிக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.