உங்களுக்குத் தெரியுமா? விமான டிக்கெட்டுக்குள் இருக்கும் கட்டணம்

★ தஞ்சோங் மாலிமிலிருந்து கிளம்பி, கோலாலம்பூரின் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் வழியாகத் திருச்சிக்குப் போகும் குடும்பம் எந்த முனையத்தில் விமானம் ஏறுகிறதோ, அதைப் பொறுத்துப் பயணிகள் சேவைக் கட்டணம் மாறும். முதல் முனையத்தில் ஆளுக்கு 73 வெள்ளி, இரண்டாம் முனையத்தில் 50. நான்கு பேர் என்றால் 92 வெள்ளி வித்தியாசம்! ஈப்போவில் ஏறிச் சிங்கப்பூர் போனாலும் 50தான். உள்நாட்டுப் பயணத்துக்கு 11. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கிடையாது.

★ 2024 ஜூன் 1க்கு முன்பு மேடான், பேங்காக் போன்ற ஆசியான் ஊர்களுக்கு 35 வெள்ளிதான் வாங்கினார்கள்.

★ இந்தப் பணம் எங்கே போகிறது? மலேசியா ஏர்போர்ட்ஸ் நாட்டில் 39 விமான நிலையங்களை நடத்துகிறது. லாபம் தருபவை சிலவே. அவற்றின் வருமானம்தான் மற்றவற்றையும் தாங்குகிறது. சாலை வசதி குறைந்த சரவாக் உட்புறத்தில், பாரியோ போன்ற மலையூர்களில் சிறிய ஓடுபாதைதான் மக்களுக்கு உயிர்நாடி. அதற்காகக் கூடுதலாகச் சில வெள்ளி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

★ 2019 செப்டம்பரில் வந்த புறப்பாட்டு வரி வேறு. சாதாரண வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 வெள்ளி, மற்ற நாடுகளுக்கு 20. அது அரசாங்கத்துக்குப் போகிறது, விமான நிலையத்துக்கு அல்ல.

★ 2018இல் கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்திலும், ஆசியானுக்கு வெளியே போகிறவர்களிடம் பயணிகள் சேவைக் கட்டணமாக 73 வெள்ளி வாங்கச் சொன்னார்கள். வசதி ஒன்றாக இல்லாதபோது கட்டணம் மட்டும் ஏன் ஒன்று என்று கேட்ட ஏர் ஏசியா, கூடுதல் 23 வெள்ளியை வசூலிக்க மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் போனது. 2019இல் உயர் நீதிமன்றம் ஏர் ஏசியாவை 4 கோடி வெள்ளிக்கு மேல் கட்டச் சொன்னது. பின்னர் கட்டணமே 50க்கு இறங்கியது. ஏர் ஏசியா உயர் நீதிமன்றத்தில் தோற்றாலும் அது எழுப்பிய கேள்வி நியாயமானது.

★ கே.எல்.ஐ.ஏ. முதல் முனையத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஏரோட்ரெயின் ரயில் 2023 மார்ச்சில் நின்றது, 2025 ஜூலை 1இல்தான் மறுபடி ஓடியது. இடையில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றினார்கள். கட்டணத்தில் ஒரு வெள்ளி குறையவில்லை. வசதி நின்றால் கட்டணமும் இறங்க வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும். சிறிய ஓடுபாதைகளுக்காக அல்லாத வேறு உயர்வு பற்றி, அதைச் செய்த பிறகு பேசட்டும்.

★ சிங்கப்பூர் சாங்கியில், இன்னும் திறக்காத ஐந்தாம் முனையத்துக்காக 2018 ஜூலையிலிருந்தே அங்கிருந்து பயணத்தைத் தொடங்குபவர்களிடம் 10.80 சிங்கப்பூர் வெள்ளி வாங்குகிறார்கள்.

★ டிக்கெட் எடுத்தும் போக முடியவில்லையா? டிக்கெட் பணம் திரும்பாது என்றாலும், பயணிகள் சேவைக் கட்டணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.