கைத்தொழிற் போட்டியும் எல்லை கடந்த பகையும்

ஒரு தொழிலை நடாத்துவோன் தன் போட்டியாளனும் அத்தொழிலினுள்ளேயே இருப்பான் எனக் கருதுதல் இயல்பு. அக்கருத்து எத்துணைப் பிழையானதென்பதைப் புகைப்படச் சுருளின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

அமெரிக்காவின் கொடாக் நிறுவனமும், யப்பானில் 1934 இல் தோன்றிய பூஜி நிறுவனமும் படச்சுருள் விற்பனையிற் பல்லாண்டு பொருதன. ஆயின், இரண்டையும் வீழ்த்த வந்த பகை பிற துறைகளினின்று எழுந்தது. இலத்திரனியற் கமராவும், பின்னர்க் கமரா பொருந்திய கைத்தொலைபேசியும் சுருளின் தேவையையே அகற்றின. முதல் இலத்திரனியற் கமராவை 1975 இல் ஆக்கியவர் கொடாக்கின் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பிற்காலத்தில் அந்நிறுவனம் அத்துறையிற் பெருமுதல் இட்டதாயினும், சுருள் தந்த இலாபத்துக்கு ஈடானதொன்றைக் காணவியலாது, 2012 இல் முறிவுச் சட்டத்தின் பாதுகாப்பை நாடிற்று. மறு ஆண்டிற் சுருங்கிய உருவில் மீண்டது.

பூஜியோ, தான் விற்கும் பொருள் யாதென்று நோக்காது, தான் அறிந்த வித்தை யாதென்று நோக்கிற்று. படச்சுருளுக்கு வேண்டிய கொலாசன் பற்றிய அறிவு 2007 இல் அஸ்ராலிப்ற் என்னும் சருமப் பூச்சாயிற்று. மென்படலம் ஆக்குந் திறன் திரவப்பளிங்குத் திரைகளுக்குப் பயன்பட்டது.

இதனால் வணிக மாணவர் அறியத்தக்கது யாதெனின், பொருள் வழக்கொழியினும் அதனை ஆக்குதற்கண் பெற்ற அறிவு ஒழிவதில்லை. அவ்வறிவைப் பிறிதொரு தொழிற்கு மாற்ற வல்லார்க்கே நிலைபேறு உண்டென்க.